ஹூக்காவின் நீரும் மின்சிகரெட்டின் ஆவியும்

1604-ஆம் ஆண்டில் ஒரு நாள், அக்பர் சக்கரவர்த்தியின் முன்னிலையில் வெள்ளித் தட்டு ஒன்று கொண்டுவந்து வைக்கப்பட்டது. பீஜப்பூர் அரசரிடம் தூது சென்று திரும்பியிருந்த ஆசாத் பேக் என்பவர் சேகரித்து வந்த அரும்பொருள்களுள் அதுவும் ஒன்று. தட்டின் மேல் மூன்று முழ நீளமுள்ள புகைக்குழாய் இருந்தது. அதன் இரு முனைகளிலும் இரத்தினங்கள் இழைத்திருந்தன. வாயில் வைக்கும் பகுதி ஏமன் தேசத்துச் செந்நிறக் கல்லால் ஆனது. நெருப்பிடும் கிண்ணமோ பொன்னால் ஆனது. அருகே, பீஜப்பூர் அரசர் அளித்த வேலைப்பாடு மிக்க வெற்றிலைப் பையில் வெற்றிலைக்குப் பதிலாக உலர்ந்த இலை நிறைந்திருந்தது. இஃது என்ன என்று சக்கரவர்த்தி வினவ, இதன் பெயர் புகையிலை, மெக்காவிலும் மதீனாவிலும் இது நன்கு பழக்கமானது, மருந்தாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த கான்-இ-ஆஸம் விடை கூறினார்.

அதன்பின் நடந்ததை ஆசாத் பேக் தம் நினைவுக் குறிப்பில் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். அக்பர் குழாயை வாயில் வைத்ததுமே அரண்மனை வைத்தியர் ஓடிவந்து தடுத்தார். ஆசாத் பேக்கின் மனம் நோகக்கூடாதே என்பதற்காக இரண்டு மூன்று முறை மட்டும் இழுத்துவிட்டு, சக்கரவர்த்தி குழாயைக் கீழே வைத்தார். வைத்தியருக்கும் தூதருக்கும் இடையே அவையிலேயே வாதம் மூண்டது. இது சோதித்தறியாத மருந்து. நம் நூல்களில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதன் குணத்தை நாங்கள் எவ்வாறு அரசருக்கு எடுத்துரைக்க முடியும் என்றார் வைத்தியர். ஐரோப்பியர் அத்தனை மூடர்களா, அவர்களிடையே அறிஞர் இல்லையா என்று கேட்டார் ஆசாத் பேக். அறிஞர் ஒப்பாத வழக்கத்தைச் சோதனையின்றி மேற்கொள்வதற்கில்லை என்றார் வைத்தியர். அதற்குத் தூதர் சொன்ன விடைதான் நாம் கருதத்தக்கது. உலகில் உள்ள ஒவ்வொரு வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாகத்தானே இருந்தது என்றார் அவர். சக்கரவர்த்தி அந்த விடையை மெச்சினாராம்.

மெச்சினாரே தவிர, அக்பர் அப்பழக்கத்தைத் தாம் மேற்கொள்ளவில்லை. ஆயினும் ஆசாத் பேக் கொண்டுவந்த புகையிலை பிரபுக்களின் மாளிகைகளுக்குப் பங்கிட்டு அனுப்பப்பட்டது. அனுப்பாத வீட்டாரும் ஆள்விட்டுக் கேட்டனர். சில நாளில் வணிகர்கள் கடைவிரித்தனர். வைத்தியர் கேட்ட கேள்விக்கு விடை காணும்முன்பே பொருள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. நானூறு ஆண்டுகளுக்குப்பின் வேறொரு கருவி நம் நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்த கதையும் ஏறத்தாழ இதுவேயாதலால், நாம் இதனைச் சற்று விரித்துச் சொல்ல நேர்ந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1617-இல், அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர், புகையிலை பலருடைய உடலுக்கும் உள்ளத்துக்கும் ஊறு விளைவிப்பதாகக் கண்டு, எவரும் புகைக்கலாகாது என்று ஆணை பிறப்பித்தார். மதுவிலும் அபினியிலும் ஆழ்ந்திருந்த ஓர் அரசரிடமிருந்து இத்தகைய ஆணை வந்தது சரித்திரத்தின் சிறிய வேடிக்கைகளுள் ஒன்று. பாரசீகத்தில் ஷா அப்பாஸும் அவ்வாறே தடை விதித்திருந்தார். ஆனால் ஜஹாங்கீர் அந்நாட்டுக்கு அனுப்பிய தூதர் கான் ஆலம், புகையின்றி ஒரு கணமும் இருக்கமாட்டாதவர். ஷா அவருக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதையும் ஒரு செய்யுளாகப் பாடி அளித்தார். தடையின் கதையும் விலக்கின் கதையும் ஒரே பக்கத்தில் ஜஹாங்கீரின் சுயசரிதையில் இடம்பெற்றிருக்கின்றன. ஆணை அதிக நாள் நிலைக்கவில்லை என்பதை, அடுத்த இரு நூற்றாண்டுகளில் தீட்டப்பட்ட சித்திரங்களில் அரசரும் அரசியரும் ஹூக்காவும் கையுமாக வீற்றிருப்பதிலிருந்தே அறியலாம்.

ஹூக்காவைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. அக்பரின் வைத்தியர்களுள் ஒருவரான ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி, புகையை நீரில் செலுத்தினால் அதன் தீமை நீங்கிவிடும் என்று எண்ணி அக்கருவியை அமைத்தார் என்பர். இக்கதை பல நூல்களில் காணப்படுகிறது. ஆனால் அந்த ஹக்கீம் 1589-இலேயே மறைந்துவிட்டார். ஆசாத் பேக்கின் வெள்ளித் தட்டு அவைக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து. ஆகவே இதை அப்படியே நம்புவது கடினம். கருவியை அமைத்தவர் யாராயினும், கதையின் உட்கருத்து மட்டும் சாகவில்லை. கருவியை மாற்றினால் விஷம் மாறிவிடும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. உண்மையில் நீர் புகையைக் குளிரச் செய்யும், இருமலைக் குறைக்கும். நிகோட்டினும் கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்ஸைடும் அதனூடே செல்லும். இருமல் குறைவதால் இழுப்பவர் இன்னும் ஆழமாக, இன்னும் நெடுநேரம் இழுப்பார். ஆக, நீர் செய்த நன்மை என்னவெனில், தொண்டை செய்துவந்த எச்சரிக்கையை நிறுத்தியதுதான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளுக்குத் தமிழர் வெளிநாட்டுப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. புகைக்கும் இலை என்று தாமே ஒரு பெயர் படைத்துக்கொண்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் அதன்மேல் ஒரு தூது நூலே பாடினார், அதை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்திருக்கிறார். ஒரு நச்சிலை இத்தனை விரைவில் இலக்கியத்திலும் இடம்பெற்றுவிட்டதென்றால், வீட்டுத் திண்ணைகளில் அதன் செல்வாக்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இலையினுள் இருந்த சரக்கை 1828-இல் ஹைடல்பர்க் நகரத்தில் பொசெல்ட், ரைமான் என்ற இரு ஜெர்மானியர் தனியே பிரித்தெடுத்தனர். புகையிலையைப் பிரெஞ்சு அவைக்கு அறிமுகப்படுத்திய ஜான் நிக்கோ என்னும் தூதரின் பெயரால் அது நிகோட்டின் எனப்பட்டது. இங்கும் ஒரு தூதர்!

சிறுவர்களின் கைக்குப் புகையிலை எளிதில் வந்தது பீடியும் சிகரெட்டும் பெருகிய பிறகே. ஹூக்காவுக்குக் கரி வேண்டும், நீர் வேண்டும், உட்கார இடம் வேண்டும்; பையன் ஒருவன் அதைச் சட்டைப் பையில் ஒளித்து வைக்க முடியாது. பீடியை ஒளித்து வைக்கலாம். இவ்விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் நேர்மையான சாட்சியம் காந்தியடிகளுடையது. தமக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது, உறவினன் ஒருவனோடு சேர்ந்து, சிற்றப்பா புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். துண்டுகள் போதாமற் போகவே, வேலைக்காரனின் காசைத் திருடிப் பீடி வாங்கினர். அதுவும் எட்டாதபோது, ஏதோ ஒரு செடியின் துளையுள்ள தண்டைக் கொளுத்தி இழுத்தனர். பெரியவர்களின் அனுமதியின்றி எதுவும் செய்ய இயலவில்லையே என்ற வெறுப்பில் இருவரும் ஊமத்தை விதையைத் தின்று உயிர்விடத் துணிந்து, இரண்டு மூன்று விதைகளோடு தைரியம் கெட்டுத் திரும்பினர். மணம் பிடித்தோ சுவை பிடித்தோ தாம் புகைக்கவில்லை, வாயிலிருந்து புகையை விடுவதில் இருந்த கற்பனை இன்பத்திற்காகவே புகைத்தோம் என்ற கருத்துப்பட அவர் சொல்லியிருப்பது, குழந்தை உளநூல் அறிந்தோர் நூறு பக்கத்தில் எழுதுவதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. இன்றைய மின்சிகரெட்டிலிருந்து பெரிய மேகமாகப் புகையை ஊதிக் காட்டும் பிள்ளையிடம் இருப்பதும் அந்த இன்பமே. ராஜ்கோட் நகரத்துச் சிறுவனுக்குத் துண்டு பொறுக்கும் கஷ்டம் இருந்தது. இவனுக்கு அது இல்லை.

சிறுவர் புகைப்பதைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் உருப்பெற்றது. பிள்ளைகளின் நலத்தைவிட வருங்காலப் போர்வீரர்களின் உடல்வலிமையைப் பற்றிய கவலையே அதற்கு மிகுதியான காரணம் என்று கருத இடமுண்டு. அச்சட்டத்தை ஒட்டி நம் நாட்டிலும் பஞ்சாபில் 1918-இலும், வங்காளத்தில் 1919-இலும் இளைஞர் புகைத்தல் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. வங்காளச் சட்டத்தின்படி பதினாறு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பது குற்றம். சட்டங்கள் ஏட்டில் இருந்தன. பெட்டிக்கடைக்குத் தந்தைக்காகச் சிகரெட் வாங்கப் போகும் பையனிடம் வயது கேட்டவர் யார்?

1950-இல் இங்கிலாந்தில் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் வெளியிட்ட ஆராய்ச்சி, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை ஐயத்திற்கிடமின்றி வெளிக்கொணர்ந்தது. 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதை உறுதி செய்தது. இந்த இடைக்காலத்தில் சிகரெட் உற்பத்தியாளர் கையாண்ட உபாயம் பழைய ஹூக்கா உபாயமே: நீருக்குப் பதில் வடிகட்டி. அமெரிக்காவில் கென்ட் என்ற சிகரெட்டின் வடிகட்டி, உடல்நலத்தைக் காக்கும் அதிசயப் பொருள் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1952 முதல் 1956 வரை அதில் வைத்திருந்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்; அதுவே புற்றுநோய் விளைவிப்பது. கேட்போருக்குக் கட்டுக்கதை போலத் தோன்றும் இச்செய்தி, நீதிமன்றங்களில் வழக்காடி முடிவு கண்ட உண்மை.

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியின்மேல் எச்சரிக்கை வாசகத்தை அச்சிடச் செய்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும், கல்விக்கூடங்களைச் சுற்றி நூறு கஜ தூரத்திற்குள் விற்பதையும் விலக்கியது. 2009-இல் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. இவையெல்லாம் நேயர்கள் அறிந்தவை.

இனி மின்சிகரெட்டுக்கு வருவோம். புகையில்லாச் சிகரெட் ஒன்றுக்கு அமெரிக்கராகிய ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார், வாங்குவார் இல்லை. இன்று வழங்கும் கருவி சீன நாட்டு மருந்தாளர் ஹான் லிக் 2003-இல் அமைத்தது. அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். அவரும் பெருமளவு புகைத்தவர். தம்மைப்போன்றோர் சிகரெட்டை விட ஒரு வழி காணவேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்நோக்கத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. பல்லாண்டு புகைத்துப் பழகிய பெரியவர் சிலர் இக்கருவியின் துணையால் சிகரெட்டைக் கைவிட்டனர் என்பதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. ஆனால் ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும், அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

மொழிபெயர்ப்பை ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு இப்பொருள் ஒரு சிறு தொல்லையையும் தந்தது. ஆங்கிலத்தில் இதை இழுப்பதற்கு 'வேப்' என்றனர். ஆவி என்னும் பொருள்படும் சொல்லின் குறுக்கம் அது. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் அதை ஆண்டின் சொல்லாகவும் தேர்ந்தெடுத்தனர். ஆவி என்றதும் நம் நெஞ்சில் எழுவது என்ன? இட்டலிப் பானையின் ஆவி; சளி பிடித்த குழந்தைக்குப் போர்வை போர்த்திப் பிடிக்கும் ஆவி. இரண்டும் தீங்கற்றவை, ஒன்று நன்மையும் செய்வது. பிள்ளைகள் பலர் இது வெறும் நீராவிதானே என்று கேட்பதற்கு அச்சொல்லே பாதிக் காரணம். விஞ்ஞானிகள் இதை ஆவி என்று ஒப்புவதில்லை. மிக நுண்ணிய திரவத் துளிகளும் துகள்களும் காற்றில் மிதக்கும் படலம் என்பதே அவர்கள் சொல்லும் இலக்கணம். 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆவி என்னாது அந்தச் சொல்லையே கையாண்டிருக்கிறது. துளிப்படலம் என்று தமிழில் எழுதினால் அழகாக இல்லை என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். அழகாக இல்லாமல் இருப்பதே இங்கே அதன் தகுதி.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு மின்கலம், அதனால் சூடேறும் மெல்லிய உலோகக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றித் திரவம் ஊறிய பஞ்சு. திரவத்தில் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், நிகோட்டின், மணச்சரக்குகள். சுருள் காய்ந்ததும் திரவம் துளிப்படலமாகிறது, அதையே உள்ளிழுக்கின்றனர். புகையிலை எரிவதில்லையாதலால் தார் இல்லை. சிகரெட் புகையில் உள்ள பல நச்சுகள் இதில் குறைவு என்பதும் மெய்யே. ஆனால் குறைவு என்பது இன்மை ஆகாது. சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றின் நுண்துகள்கள் கலக்கின்றன.

மணச்சரக்கின் கதையைத் தனியே சொல்லவேண்டும். வெண்ணெய் மணம் தரும் டையாசிட்டில் என்ற பொருள் தின்பண்டங்களில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டது, வயிற்றுக்குக் கேடில்லை. அமெரிக்காவின் மிஸ்ஸூரி மாநிலத்தில் சோளப்பொரி செய்யும் ஆலையொன்றின் தொழிலாளர் பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்ட கொடிய நோய் கண்டது 2000-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவர்கள் அந்தப் பொருளைத் தின்றவர்கள் அல்லர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்கள். 2015-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 51 வகை மின்சிகரெட் மணத்திரவங்களைச் சோதித்தபோது 39-இல் டையாசிட்டில் இருந்தது. உண்ணத்தக்கது என்ற முத்திரை இரைப்பைக்கே உரியது. நுரையீரல் அதை அறியாது.

அமெரிக்காவில் நடந்ததை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஏனெனில் நம் நாட்டுச் சட்டம் அதைக் கண்டு அஞ்சியே பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருள் வடிவமைப்புப் பயின்ற இரு மாணவர்கள் தொடங்கிய நிறுவனம் 2015-இல் 'ஜூல்' என்ற கருவியை வெளியிட்டது. பார்ப்பதற்குக் கணினியில் செருகும் பென் டிரைவ் போலவே இருக்கும். ஆசிரியர் மேசைக்கு முன்னால் வைத்திருந்தாலும் ஐயம் தோன்றாது. மாம்பழம், புதினா, வெள்ளரிக்காய் என்று மணங்கள். வடிவத்தையும் மணத்தையும்விட ஆழமான மாற்றம் திரவத்தினுள் இருந்தது. அதுவரை இருந்த மின்சிகரெட்டுகளில் நிகோட்டின் காரத்தன்மை மிக்கதாக இருந்தது. அளவு கூடினால் தொண்டை எரிந்து இருமல் வரும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த எரிச்சலே வேலியாக இருந்தது. பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோட்டினை உப்பாக மாற்றியதும் எரிச்சல் அடங்கிற்று; அளவை வேண்டியமட்டும் கூட்டவும் முடிந்தது. ஜூலின் ஒரு சிறு குப்பியில், ஏறக்குறைய ஒரு பெட்டிச் சிகரெட்டிலிருந்து உடலில் சேரும் அளவு நிகோட்டின் அடங்கியிருப்பதாக அந்நிறுவனமே கூறியது. ஹூக்காவின் நீர் செய்த வேலையை இங்கே அமிலம் செய்தது; முன்னதைவிடத் திறமையாகச் செய்தது.

விளைவை எண்கள் சொல்லும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் மின்சிகரெட் பழக்கம் உடையோர் 2011-இல் நூற்றுக்கு 1.5 பேர், 2017-இல் 11.7, 2018-இல் 20.8, 2019-இல் 27.5. ஒரே ஆண்டில் ஏறத்தாழ இருமடங்கு. இவர்களுள் பெரும்பாலோர் சிகரெட்டை விடுவதற்காக இதைத் தொட்டவர் அல்லர். விடுவதற்கு அவர்களிடம் சிகரெட் பழக்கமே இல்லை. உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவர் 2018 செப்டம்பரில் இதைக் கொள்ளைநோய் என்ற சொல்லால் குறித்தார். பெயர்பெற்ற சிகரெட் நிறுவனமொன்று அதே ஆண்டு டிசம்பரில், 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூல் நிறுவனத்தில் மூன்றிலொரு பங்குக்குமேல் வாங்கிற்று. சிகரெட்டை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட பொருளில் சிகரெட் விற்போர் முதலிட்டனர் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்வார்களாக.

பெரியவருக்கும் பிள்ளைக்கும் நிகோட்டின் ஒன்றேதான், மூளை ஒன்றல்ல. முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் ஆற்றல் மூளையின் முன்பகுதியில் அமைந்திருக்கிறது. அப்பகுதி முற்றிலும் முதிர்வது ஏறக்குறைய இருபத்தைந்து வயதில். அதற்கு முன் நிகோட்டின் தொடர்ந்து சேர்ந்தால், மூளையில் அதை ஏற்கும் வாயில்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. பெருகியவை மேலும் கேட்கின்றன. கேட்டது கிடைக்காதபோது சிடுசிடுப்பு, கவனச் சிதறல், தூக்கக் கேடு. பாடத்தில் கருத்துச் செல்லாத பிள்ளை, ஒருமுறை இழுத்ததும் மனம் நிலைபெற்றதாக உணர்கிறான். அந்நிலையைக் குலைத்ததும் அதே பொருள்தான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. பதினைந்து வயதில் ஏற்படும் அடிமைத்தனம் முப்பது வயதில் ஏற்படுவதைவிட விரைவில் வேரூன்றுவதற்கும், பறிக்க அரியதாக இருப்பதற்கும் காரணம் இது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இளவயதினர் பலர் மூச்சுத் திணறலோடு வந்தனர். முதலில் நிமோனியா என்றே கருதப்பட்டது. அனைவருக்கும் பொதுவாக இருந்தது மின்சிகரெட். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் இந்நோயால் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது உயிர் நீத்தனர். இறந்தோர் மட்டும் 68 பேர். நேர்மையாகச் சொல்லவேண்டின், இவர்களுள் பெரும்பாலோர் இழுத்தது நிகோட்டின் திரவம் அன்று. கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சந்தைத் திரவம். அதைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருள் நோயாளிகளின் நுரையீரல் நீரில் காணப்பட்டது. ஆதலால் மின்சிகரெட் இழுப்போர் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவர் என்று மிரட்டுவது பிழை. ஆனால் கருவியின் வாயில் எதை ஊற்றினாலும் அது வாங்கிக்கொள்ளும். குப்பியின்மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பதைக் கண்டறியப் பிள்ளையிடம் ஆய்வுக்கூடம் இல்லை.

நம் நாட்டில் கர்நாடகம் முதலிய சில மாநிலங்கள் முன்னரே இதைத் தடை செய்திருந்தன. 2018 ஆகஸ்ட் 28-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பிற்று. 2019 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18-இல் அமைச்சரவை முடிவெடுத்து அவசரச் சட்டம் பிறந்தது. 400-க்கு மேற்பட்ட வணிகப் பெயர்களில், 150-க்கு மேற்பட்ட மணங்களில் இவை கிடைப்பதாகவும், அவற்றுள் ஒன்றும் இந்தியாவில் செய்யப்படவில்லை என்றும் அன்று நிதியமைச்சர் தெரிவித்தார். டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுச் சட்டம் நிலைபெற்றது. செய்தல், இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றம். முதன்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம், அன்றி இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும். நிகோட்டின் இருப்பினும் இல்லாவிடினும், எப்பெயரால் அழைக்கப்படினும், எவ்வடிவில் இருப்பினும் தடைக்கு உட்படும் என்று சட்டத்தின் வரையறை கூறுகிறது. அவ்வரையறையில் மின்ஹூக்கா என்றொரு பெயரும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய நண்பர் புதிய உடையில் நாடாளுமன்றம் வரை வந்துவிட்டார்!

சட்டத்தை எதிர்த்தோர் இரண்டு கேள்விகள் கேட்டனர். கொடிய சிகரெட்டும் பீடியும் தெருவெங்கும் விற்கும்போது இதை மட்டும் தடுப்பானேன் என்பது முதலாவது. கேள்வி நியாயமானதே, அதற்கு விடை, சிகரெட்டின்மேல் இன்னும் கடுமை வேண்டும் என்பதாக இருக்கலாமே ஒழிய, இரண்டாவது வாயிலையும் திறந்துவிடு என்பதாக இருக்க முடியாது என்பது நம் அபிப்பிராயம். தடைசெய்தால் கள்ளச்சந்தை பெருகும் என்பது இரண்டாவது. இது நடந்தும் இருக்கிறது. பேனா வடிவிலும், மிட்டாய்ப் பெட்டி வடிவிலும் அமைந்த கருவிகள் இணையத்தின் வழியே பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்ததால், 2023-இல் மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு மீண்டும் எழுதியது. மீறல்களைப் பொதுமக்கள் தெரிவிக்க ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. ஆனால் தடையில்லாத நாடுகளின் அனுபவமும் ஆறுதல் தருவதாக இல்லை. பெரியவர் சிகரெட்டை விடுவதற்கு இதை ஊக்குவித்த பிரிட்டனே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் விலக்கிவிட்டது. ஆஸ்திரேலியா 2024-இல் விற்பனையை மருந்துக் கடைகளுக்குள் அடக்கிற்று. அமெரிக்காவில் வயது வரம்பை 21 ஆக்கி, சில மணங்களைத் தடுத்து, பெற்றோரும் ஆசிரியரும் விழித்துக்கொண்ட பின்னர், உயர்நிலைப் பள்ளிப் பழக்கம் 2024-இல் நூற்றுக்கு 7.8 ஆக இறங்கியிருக்கிறது.

நம் நாட்டில் 2019-இல் நடந்த இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவருள் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவோர். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் எப்போதாவது தொட்டுப் பார்த்தோர். சிகரெட் தொட்டவருள் நூற்றுக்கு 38 பேர் பத்து வயது நிரம்புமுன் அதைத் தொட்டிருக்கின்றனர். மின்சிகரெட்டைக் கையாளும் மகனிடமோ மகளிடமோ பெற்றோர் முதலில் அறியவேண்டியது ஒன்று உண்டு. இச்சட்டம் இழுப்பவரைத் தண்டிப்பதன்று. செய்பவரையும் விற்பவரையும் சேமித்து வைப்பவரையும் தண்டிப்பது. பையில் கருவி அகப்பட்ட பிள்ளை குற்றவாளி என்று கருதத்தக்கவன் அல்லன். நிகோட்டினுக்கு ஆட்பட்ட ஒரு நோயாளி. அடியும் வசவும் அவனை இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்பிக்கும். எத்தனை நாளாக, ஒரு நாளில் எத்தனை முறை, காலையில் எழுந்ததும் தேடுகிறதா, யாரிடம் வாங்குகிறான் என்று நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் சிடுசிடுப்பும் உறக்கமின்மையும் இருக்கும் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். வீட்டில் சிறு குழந்தை இருக்குமானால் திரவக் குப்பியை உடனே அப்புறப்படுத்தவேண்டும். ஒரு சிறு விழுங்கலே பெருந்தீங்கு செய்யக்கூடும். டில்லியில் வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிலையத்தில் 2016 முதல் நடந்துவரும் தேசியப் புகையிலை விடுப்பு ஆலோசனைத் தொலைபேசியின் எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிலையத்தில் தென்மொழிகளுக்கென அமைத்த பிரிவில் தமிழிலும் பேசலாம்.